கயிறு கம்பெனியில் காய்ச்சிய பீர்

போர்ட்லாந்துக்கு வந்து நாலு வருஷம் ஆகுது. ஊர்லேர்ந்து போன் பண்ற பசங்க இன்னிக்கும் ரெண்டே கேள்விதான் கேக்குறானுங்க. "எப்பப் பாத்தாலும் மழையாமேடா?" அப்புறம், "தெருவுக்குத் தெரு பீர் காய்ச்சுறாங்களாமே?" முதல் கேள்விக்கு ஆமான்னு சொல்லிட்டுப் போயிடலாம். ரெண்டாவதுக்கு வெறும் ஆமா பத்தாது. ஏன்னா, 1985 ஜூலை வரைக்கும் இந்த ஆரிகன் மாநிலத்துல ஒருத்தர் தான் காய்ச்சின பீரைத் தன் கடையிலேயே ஒரு கிளாஸ் ஊத்தி விக்க முடியாது. சட்டப்படி தப்பு. ஒரே ஆள் காய்ச்சவும் செய்யலாம், விக்கவும் செய்யலாம்னு சட்டத்துல ஒரு வழி விட்டப்புறம்தான் இங்க ப்ரூபப்புங்குற ஐட்டமே பொறந்துச்சு.

அந்த வழி எப்படி வந்துச்சு, அதுக்காக அலைஞ்சவங்க யாரு, அவங்க கடைகளெல்லாம் இப்ப எங்கன்னு கொஞ்ச நாளா நோண்டிக்கிட்டிருந்தேன். அதைத்தான் எழுதப் போறேன். எந்தக் கடையில எந்த பீர் நல்லாருக்கும், சைட் டிஷ் என்னன்னு எதிர்பாத்து வந்த மக்கள் மன்னிக்கணும். நான் அரை கிளாஸ் பார்ட்டி. மீதி அரை கிளாஸைப் பக்கத்துல இருக்குறவன் கிளாஸ்ல தள்ளிட்டு, செவுத்துல மாட்டியிருக்குற பழைய போட்டோவை வேடிக்கை பாக்குற ஜாதி.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. முளைகட்டின பார்லியைக் காயவச்சா அதுதான் மால்ட். நம்ம கேழ்வரகை முளைகட்டி வறுத்து மாவாக்குற மாதிரிதான். அதை ஒண்ணுரெண்டா உடைச்சு, சூடான தண்ணியில ஊறவச்சா மாவுச்சத்து சர்க்கரையா மாறும். அந்தத் தண்ணியை வடிச்சு, ஹாப்ஸுங்குற கொடியோட பூவைப் போட்டுக் கொதிக்கவச்சு, ஆறவச்சு, ஈஸ்ட்டைப் போட்டுட்டா மிச்ச வேலையை அது பாத்துக்கும். ராத்திரி இட்லி மாவு கரைச்சு மூடி வைக்கிற எங்க ஆத்தாவுக்குப் புரியாத சங்கதி எதுவும் இதுல இல்ல. இதையே கடைக்குப் பின்னாடி செஞ்சு, கடைக்கு முன்னாடி சாப்பாட்டோட வித்தா அது ப்ரூபப். அவ்ளோதான் மேட்டர்.

இப்ப கொசுவத்தியைச் சுத்துவோம்.

போர்ட்லாந்து பீரோட பெரிய தலைக்கட்டு ஹென்றி வைன்ஹார்ட். ஜெர்மனியிலேர்ந்து வந்தவர். 1856-ல ஆத்துக்கு அந்தப் பக்கம் வாஷிங்டன் பகுதியில ஃபோர்ட் வான்கூவர்ல பீர் காய்ச்ச ஆரம்பிச்சு, 1860-கள்ல போர்ட்லாந்துல பர்ன்சைடு தெருவுல கடையைப் போட்டார். மரம் வெட்டுறவன், கப்பல்காரன், ரயில் ரோடு போடுறவன்னு ஊரு முழுக்க தாகத்தோட சுத்துன காலம். ஆளு நல்லா சம்பாதிச்சார். 1888-ல ஊர் நடுவுல ஸ்கிட்மோர் நீரூற்றுன்னு ஒண்ணைத் திறந்தாங்க. திறப்பு விழா அன்னிக்குத் தன் ஆலையிலேர்ந்து தீயணைப்புக் குழாய் போட்டு அந்த ஊத்துல பீரை ஓட விடறேன்னு வைன்ஹார்ட் சொன்னாராம். வழியில எவனாவது குழாய்ல ஓட்டை போட்டுக் குடிச்சிடுவான்னு ஊர்ப் பெரியவங்க வேணாம்னுட்டாங்களாம். இது இந்த ஊர்க்காரங்க ஒவ்வொருத்தரும் சொல்ற கதை. எவ்ளோ நிஜம், எவ்ளோ பில்டப்போ! கேக்க நல்லாருக்கு.

வைன்ஹார்ட் 1904-ல போயிட்டார். பத்து வருஷம் கழிச்சு, 1914 நவம்பர்ல மதுவிலக்கு வேணும்னு ஆரிகன் மக்கள் ஓட்டுப் போட்டாங்க. ரெண்டு வருஷம் முன்னாடிதான், 1912-ல, இங்க பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைச்சிருந்துச்சு. 1916 ஜனவரி 1-ம் தேதி மாநிலமே வறண்டு போச்சு. அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு வந்தது 1920-ல. ஆரிகன் நாலு வருஷம் முந்திக்கிச்சு.

இங்க ஒரு விஷயம் சொல்லியாகணும். அந்த ஓட்டுக்குப் பின்னாடி நியாயம் இருந்துச்சு. அப்ப தெருவுக்குத் தெரு இருந்த சலூன்ல பாதிக்கு மேல, பேருதான் எவனோ ஒருத்தன் பேரு, உள்ள பணம் போட்டவன் பீர் ஆலைக்காரன். மேஜை நாற்காலி, லைசன்ஸ் காசு எல்லாம் அவனோடது. பதிலுக்கு அவன் பீரை மட்டும்தான் விக்கணும், எவ்ளோ முடியுமோ அவ்ளோ விக்கணும். உப்பும் காரமுமா மதியச் சாப்பாட்டை ஓசியில போட்டு, தாகமெடுத்தவன் தலையில பீரைக் கட்டுறது அந்தக் காலத்து டெக்னிக். சம்பளக் கவரோட உள்ள போனவன் வெறுங்கையோட வீட்டுக்குப் போவான். பொம்பளைங்க ஏன் எதிர்த்து ஓட்டுப் போட்டாங்கன்னு நமக்கெல்லாம் விளக்கிச் சொல்லணுமா என்ன?

அதனாலதான் 1933 டிசம்பர்ல நாடு தழுவிய மதுவிலக்கு முடிஞ்சப்போ, பழைய சலூன் திரும்ப வந்துடக் கூடாதுன்னு மாநிலங்கள் நடுவுல சுவர் எழுப்பினாங்க. காய்ச்சுறவன் தனி, மொத்தமா வாங்கி விநியோகம் பண்றவன் தனி, கடையில ஊத்திக் கொடுக்குறவன் தனி. ஒருத்தன் இன்னொருத்தன் தொழில்ல கை வைக்கக் கூடாது. ஆரிகன் இன்னும் ஒரு படி மேல போய், மதுக் கட்டுப்பாட்டு ஆணையம்னு ஒண்ணை 1933-லயே ஆரம்பிச்சுது. விஸ்கி, ஜின் மாதிரி சரக்கெல்லாம் இன்னிக்கும் அந்த ஆணையம் நியமிச்ச கடையிலதான் வாங்கணும். டாஸ்மாக்குக்குத் தூரத்துச் சொந்தம்னு வச்சுக்கங்களேன். 2021-ல அந்த ஆணையம் பேர்ல கஞ்சாவையும் சேத்துக்கிட்டாங்க. ஹாப்ஸும் கஞ்சாவும் தாவரவியல்ல ஒரே குடும்பம். அதனால பொருத்தமாத்தான் இருக்கு :)

ஆக, 1985-ல மாத்தின சட்டத்தைப் போட்டவங்க முட்டாளுங்க இல்ல. யானைக்குப் போட்ட சங்கிலி அது. பிரச்னை என்னன்னா, அம்பது வருஷம் கழிச்சுப் பாத்தா யானை சங்கிலியோட சொகுசா வளந்துடுச்சு. எலிதான் மாட்டிக்கிச்சு. பெரிய ஆலைகளுக்கு விநியோகஸ்தர் இருக்கார், டிவி விளம்பரம் இருக்கு, நடுவுல சுவர் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? சின்ன ஆள் ஒரு பீப்பாய் காய்ச்சினா அதை யார் கிட்ட போய் விப்பான்? 1970-கள் முடியிறப்போ அமெரிக்கா முழுசுக்கும் இருந்த பீர் ஆலைகள் நூத்துக்கும் கீழ. எல்லாம் ஒரே மாதிரி வெளிர் மஞ்சள்ல, ஒரே மாதிரி சப்புன்னு. போர்ட்லாந்துல மிஞ்சினது வைன்ஹார்ட் ஆலை ஒண்ணுதான். அதையும் 1979-ல பாப்ஸ்ட் கம்பெனி வாங்கிடுச்சு.

இதெல்லாம் பிடிக்காம வீட்டுலயே காய்ச்சிப் பாத்தவங்க இருந்தாங்க. அதுல முக்கியமானவர் ஃப்ரெட் எக்ஹார்ட்னு ஒரு போர்ட்லாந்துக்காரர். இரண்டாம் உலகப் போர்ல மரீன் படையில இருந்தவர், அப்புறம் நீச்சல் வாத்தியார். 1970 வாக்குல, வீட்டுல லேகர் பீர் காய்ச்சுறது எப்படின்னு ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அப்ப வீட்டுல பீர் காய்ச்சுறது மத்திய சட்டப்படி தப்பு! மதுவிலக்கு முடிஞ்சப்போ வீட்டுல வைன் செய்ய அனுமதி வந்துச்சு, பீர் விட்டுப் போச்சு. ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபர்ல கையெழுத்துப் போட்ட சட்டம்தான் அதைச் சரி பண்ணுச்சு. 1979 பிப்ரவரியிலேர்ந்து ரெண்டு பெரியவங்க இருக்குற வீட்டுல வருஷத்துக்கு 200 கேலன் வரைக்கும் காய்ச்சிக்கலாம், விக்கக் கூடாது. 200 கேலன்னா கிட்டத்தட்ட 757 லிட்டர். குடும்பமா உக்காந்து குடிச்சாலும் மிஞ்சும்.

அதுக்கு முன்னாடியே, 1976-ல, சின்ன ஆலைகளுக்கு முதல் 60,000 பேரலுக்கு வரியை 9 டாலர்லேர்ந்து 7 டாலரா குறைச்சிருந்தாங்க. பெரிய புரட்சியெல்லாம் இல்ல, ரெண்டு டாலர். ஆனா கணக்குப் போட்டுப் பாத்தவனுக்கு அது போதும்.

போர்ட்லாந்துல முதல்ல கணக்குப் போட்டவர் சார்லஸ் கூரி. ஆரிகன்ல பினோ ந்வார் திராட்சை நட்ட முன்னோடிகள்ல ஒருத்தர். 1980-ல கார்ட்ரைட்னு ஒரு குட்டி ஆலையைத் திறந்தார். ஆனா ஒரு பாட்டில் நல்லாருந்தா அடுத்த பாட்டில் புளிச்சிருக்கும். ரெண்டு வருஷம்கூடத் தாங்கல, மூடிட்டார். தோத்துப் போனவங்களைப் பத்தி யாரும் பதிவு போடுறதில்ல, அதனால இவருக்கு ஒரு பத்தி. இவர் கடையில பார்லி உடைச்ச மில்லை மெக்மெனமின்னு ரெண்டு அண்ணன் தம்பிங்க வாங்கிட்டுப் போய், 1983-ல தாங்க திறந்த பப்புக்கு 'பார்லி மில்'னே பேர் வச்சாங்க. அந்த அண்ணன் தம்பியை ஞாபகம் வச்சுக்கங்க, திரும்ப வருவாங்க.

1984-ல ஒரே வருஷத்துல ரெண்டு ஆலை வந்துச்சு. ஒண்ணு கர்ட், ராப்னு விட்மர் சகோதரர்களோடது. இன்னொண்ணு டிக் பான்ஸி, நான்ஸி பான்ஸி தம்பதியோட பிரிட்ஜ்போர்ட். டிக் பான்ஸி நம்மாளு. அதாவது எஞ்சினீயர். டிஸ்னிலேண்ட்ல ராட்டினம் மாதிரி சவாரிங்களை டிசைன் பண்ணிக்கிட்டிருந்த மெக்கானிக்கல் எஞ்சினீயர், அதை விட்டுட்டு ஆரிகன் வந்து திராட்சை நட்டு வைன் போட்டார். பீர் ஆலைக்கு அவங்க பிடிச்ச இடம் 1887-ல கட்டின ஒரு கயிறு கம்பெனி. கப்பலுக்குக் கயிறு திரிச்ச செங்கல் கட்டடம். ஊரோட வடமேற்குல ரயில்வே யார்டும் கோடௌனுமா காத்தாடிக்கிட்டிருந்த பகுதி. வாடகை சல்லிசு. அந்தக் காலத்துல சின்ன ஆலைக்குன்னு யாரும் மிஷின் செஞ்சு விக்கல. பால் பண்ணையில ஒதுக்கின ஸ்டீல் தொட்டியை வாங்கி வெல்டிங் வச்சுக்குவாங்க. கல்லூரியில பழைய பி.சி.யைப் பிரிச்சு சர்வர் பண்ணின பயலுகளுக்கு இந்தச் சுகம் புரியும்.

பான்ஸிக்கு ஒரு விஷயம் உறுத்துச்சு. அவர் வைன் தோட்டத்துக்கு யார் வந்தாலும் அங்கயே ஊத்திக் கொடுத்து விக்கலாம், சட்டம் தடுக்கல. அதே ஆளு கயிறு கம்பெனியில பீர் காய்ச்சினா, வாசல்ல நிக்கிறவனுக்கு ஒரு கிளாஸ் விக்க முடியாது. இதுல காசுக் கணக்கும் இருக்கு. ஒரு பெரிய பீப்பாய்ல பதினஞ்சரை கேலன், அதாவது 124 கிளாஸ். பீப்பாயா விநியோகஸ்தர் கிட்ட கொடுத்தா ஒரு மொத்த விலை. அதையே 124 கிளாஸா நாமளே வித்தா வர்றது அதைவிடப் பல மடங்கு. சின்ன ஆலை பொழைக்குமா படுக்குமாங்குறது இந்த வித்தியாசத்துலதான் இருந்துச்சு. கார்ட்ரைட் படுத்ததை எல்லாரும் பாத்திருந்தாங்க. பக்கத்து வாஷிங்டன் மாநிலத்துல யாகிமாங்குற ஊர்ல பெர்ட் கிராண்ட்னு ஒருத்தர் 1982-லயே காய்ச்சுற இடத்துலயே விக்க ஆரம்பிச்சிருந்தார். மதுவிலக்குக்கு அப்புறம் அமெரிக்காவோட முதல் ப்ரூபப் அதுதான். நம்ம ஊர்ல மட்டும் ஏன் கூடாதுன்னு இவங்களுக்குத் தோணாம இருக்குமா?

பான்ஸி தம்பதி, விட்மர் சகோதரர்கள், மெக்மெனமின் சகோதரர்கள், அப்ப இன்னும் ஆலையே ஆரம்பிக்காத ஆர்ட் லாரன்ஸ், ஃப்ரெட் போமன் எல்லாரும் சேந்து ஸேலத்துக்கு நடையா நடந்தாங்க. ஸேலம்னா மாம்பழம் கிடைக்கிற நம்ம சேலம் இல்லீங்க, ஆரிகனோட தலைநகரம். இன்னிக்குப் போட்டிக் கடைக்காரங்களா இருக்க வேண்டியவங்க ஒரே கார்ல போய் எம்.எல்.ஏ.க்களைப் பாக்குற மாதிரி நெனச்சுப் பாருங்க. இவங்க கொண்டுபோன மசோதா நடுவழியில சிக்கிக்கிச்சு. கடைசியில வேறொரு மசோதாவோட வால்ல இதைக் கட்டி விட்டாங்க. அது என்ன மசோதான்னா, வீட்டுல அறை வாடகைக்கு விட்டுக் காலைச் சாப்பாடு போடுற விடுதிக்காரங்க விருந்தாளிக்கு மது கொடுக்கலாமாங்குறது! புரடக்‌ஷன் ரிலீஸ்ல சின்ன பக் ஃபிக்ஸோட ஃபைலுக்குள்ள பெரிய ஃபீச்சரை நைஸா செக்-இன் பண்ற வேலை. கவர்னர் விக் அதியே 1985 ஜூலையில கையெழுத்துப் போட்டார். அவ்ளோதான். 1933-ல கட்டின சுவர்ல சின்ன ஆளு நுழையிற அளவுக்கு ஒரு திட்டிவாசல்.

அதே வருஷம் மெக்மெனமின் சகோதரர்கள் ஹில்ஸ்டேல்ங்குற பகுதியில திறந்ததுதான் ஆரிகனோட முதல் ப்ரூபப். ஆஹான்னு எதிர்பாத்துப் போகாதீங்க. சூப்பர் மார்க்கெட், சலவைக் கடை இருக்குற மாதிரி ஒரு வரிசைக் கட்டடத்துல ஒரு கடை. உள்ள போனா வித்தியாசம் தெரியும். மேல குழாயெல்லாம் சித்திரம் வரைஞ்சிருப்பாங்க, குடும்பமா வந்து குழந்தை பர்கர் தின்னுக்கிட்டு இருக்கும், பின்னாடி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தொட்டி. ராஸ்பெர்ரியைப் போட்டு 'ரூபி'னு ஒரு பீர், மார்ஸ் சாக்லேட்டைக் கரைச்சு ஒண்ணுன்னு கைக்குக் கிடைச்சதையெல்லாம் போட்டுப் பாத்தாங்க. பெரிய ஆலையில லட்சக்கணக்கான லிட்டர்ல இதைச் சோதிக்க முடியுமா? இங்க சொதப்பினா ஒரு தொட்டியோட போச்சு.

1986-ல நடந்த இன்னொரு கதை எனக்கு ரொம்பப் பிடிச்சது. விட்மர்கிட்ட அப்ப ரெண்டே ரெண்டு புளிக்கவைக்கிற தொட்டி. ரெண்டு வகை பீர். டப்ளின் பப்ங்குற கடையோட முதலாளி மூணாவதா ஒண்ணு வேணும்னார். தொட்டிக்கு எங்க போறது? இருந்த கோதுமை பீரை வடிகட்டாம அப்படியே பீப்பாய்ல பிடிச்சுக் கொடுத்துட்டாங்க. கலங்கலா, ஈஸ்ட்டு மிதக்க, மஞ்சளா இருந்துச்சு. பக்கத்து மேஜைக்காரன் பாத்துட்டு அது என்னன்னு கேட்டான், அவன் வாங்கினதை அடுத்தவன் பாத்தான். ஊரே அதைக் கேக்க ஆரம்பிச்சுது. விட்மர் கம்பெனியை வளத்துவிட்டது அந்தக் கலங்கல் ஹெஃபெவைசன்தான். தொட்டி பத்தாக்குறையில பொறந்த ப்ராடக்ட்.

பீரோட ருசிக்குப் பின்னாடி அரசாங்கமும் இருக்கு. வரியைக் குறைச்சதை மட்டும் சொல்லல. இங்கேர்ந்து ஒண்ணரை மணி நேரத் தூரத்துல கார்வாலிஸ்னு ஒரு ஊர். அங்க அமெரிக்க வேளாண் துறையும் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் சேந்து ஹாப்ஸ் ஆராய்ச்சி பண்றாங்க. வில்லாமெட் பள்ளத்தாக்கு ஒரு காலத்துல அமெரிக்காவுலயே அதிகமா ஹாப்ஸ் விளைஞ்ச இடம். பூஞ்சை நோய் வந்து நொந்து போச்சு. அதைத் தாங்குற ரகம் வேணும்னு 1956-ல ஒரு கலப்புப் பண்ணி, பதினாறு வருஷம் வளத்துப் பாத்து, 1972-ல 'கேஸ்கேட்'னு பேர் வச்சு வெளியிட்டாங்க. பதினாறு வருஷம்! ரெண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரிண்ட் போட்டு, மூணாவது வாரமே ரிசல்ட் எங்கன்னு கேக்குற நம்ம தொழிலை நெனச்சா சிரிப்பு வருது. அந்தப் பூவோட வாசம் நார்த்தங்காய்த் தோலைக் கிள்ளி மோந்த மாதிரி இருக்கும். ஐரோப்பிய ஹாப்ஸுக்கு அந்தக் குணம் கிடையாது. பெரிய ஆலைகளுக்கு இந்த வாசம் பெரிசா ஒத்து வரல. சின்ன ஆளுங்க கையில சிக்கினப்புறம்தான், அமெரிக்க பேல் ஏல்னாலே இந்த வாசம்னு ஆச்சு. போன வருஷம் ஆகஸ்ட் கடைசியில ஒரு ஹாப்ஸ் தோட்டத்துக்குப் போனேன். வெத்தலைக் கொடிக்கால் தெரியுமில்ல? அதை மூணு ஆள் உயரத்துக்கு நிமித்தி வச்சா எப்படியிருக்கும், அப்படி. பூவைக் கையில கசக்கினா மஞ்சப் பொடி ஒட்டும். ரெண்டு நாள் வரைக்கும் சோறு கசக்கும்.

தண்ணியும் சொல்லணும். மவுண்ட் ஹூட் மலைப் பக்கம் புல் ரன் காட்டுலேர்ந்து 1895 முதல் ஊருக்குத் தண்ணி வருது. உப்புச்சத்து ரொம்பக் குறைவான மெதுத் தண்ணி. கடின நீர்ல இருக்குற உப்பை எடுக்குறது கஷ்டம், மெதுத் தண்ணியில வேணுங்குற உப்பைப் போட்டுக்குறது சுலபம். அதனால இங்கிலாந்து வகை, ஜெர்மனி வகை எதை வேணாலும் இந்தத் தண்ணியில காய்ச்சலாம்.

இந்த இடத்துல எல்லாரும் 'வளர்ந்தது, செழித்தது'னு முடிச்சிடுவாங்க. எனக்கு உறுத்துறது அதுக்கப்புறம் நடந்தது.

கயிறு கம்பெனி இருந்த அந்தக் கோடௌன் பகுதிக்கு மக்கள் வர ஆரம்பிச்சதே பீர் குடிக்கத்தான். பிரிட்ஜ்போர்ட் 1986-ல தன் பப்பைத் திறந்துச்சு. ஓவியம் வரையிறவங்க, சின்னக் கடைக்காரங்கன்னு ஒவ்வொருத்தரா வந்தாங்க. 1990-கள்ல ரியல் எஸ்டேட் மோப்பம் பிடிச்சுது. ரயில்வே யார்டை வழிச்செடுத்துட்டு அடுக்குமாடி. பேரும் பேர்ல் டிஸ்ட்ரிக்ட். கொஞ்ச தூரத்துல இருந்த வைன்ஹார்ட் ஆலை, கை மாறிக் கை மாறி, 1999-ல மூடப்பட்டது. அந்த இடத்துக்கு இப்ப 'ப்ரூவரி பிளாக்ஸ்'னு பேரு. பழைய ஆலைக் கட்டடத்தோட முகப்பு அப்படியே நிக்குது. சுத்தி அலுவலகமும், விலையைப் பாத்தா மயக்கம் வர்ற மளிகைக் கடையும், வீடுகளும். பேர்ல மட்டும் பீர்.

பான்ஸி குடும்பம் 1995-ல பிரிட்ஜ்போர்ட்டை வித்தாங்க. வாங்கினவங்க கையில 1996-ல வந்த ஐபிஏ நல்ல பேர் வாங்குச்சு. ஆனா 2019 மார்ச்சுல கடையே மூடியாச்சு. அதே வருஷம் ஜனவரியில விட்மரும் தன் பப்பை மூடினாங்க. அவங்க கம்பெனி 2020-ல மொத்தமா ஆன்ஹைசர் புஷ் கைக்குப் போச்சு. எந்த யானைக்காக 1933-ல சங்கிலி செஞ்சாங்களோ, அந்த யானை! 2023-ல அவங்களும் அதை டில்ரேங்குற கம்பெனிக்குத் தள்ளி விட்டாங்க. டில்ரே கஞ்சா வியாபாரத்துல வளந்த கம்பெனி. நான் மேல சொன்ன தாவரவியல் குடும்பம் கடைசியில ஒண்ணு சேந்துடுச்சு.

இன்னொரு பக்கம் இதைவிடக் கனம். விட்மர் 1990-ல இடம் மாறிப் போனது ஆத்துக்குக் கிழக்கால அல்பைனாவுல ரஸல் தெருவுக்கு. அல்பைனா கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதி. அவங்க விரும்பி அங்க குவியல. வேற இடத்துல வீடு விக்க மாட்டாங்க, பேங்கு கடன் கொடுக்காது. 1948 மே 30-ல வான்போர்ட்ங்குற ஊரே வெள்ளத்துல போனப்போ, அங்கிருந்த கறுப்பினக் குடும்பங்களுக்கும் போக்கிடம் அல்பைனாதான். அப்புறம் 1960-ல ஒரு விளையாட்டு அரங்கம், அதையடுத்து நெடுஞ்சாலை, 1970-கள் தொடக்கத்துல ஒரு ஆஸ்பத்திரி விரிவாக்கம்னு சொல்லி அதே பகுதியில வீடு வீடா இடிச்சாங்க. ஆஸ்பத்திரிக்கு மத்திய அரசுப் பணம் பாதியில நின்னு போச்சு. இடிச்ச இடம் பல வருஷம் புல்லு முளைச்சுக் கெடந்துச்சு. அந்தப் பக்கம் வாடகை ஏன் சல்லிசா இருந்துச்சுன்னு கேட்டா பதில் இதுதான். 2000-க்கு அப்புறம் மிஸ்ஸிஸிப்பி அவென்யூ, வில்லியம்ஸ் அவென்யூன்னு வரிசையா காபிக்கடையும் பீர்க்கடையும் வந்தப்போ, இடிபாட்டுக்குத் தப்பி அங்கயே கெடந்த குடும்பங்கள் ஆயிரக்கணக்குல வாடகை தாங்காம ஊரோட கிழக்கு ஓரத்துக்குப் போனாங்க.

பீர் காய்ச்சினவன் மேல பழி போடறது என் நோக்கமில்ல. விட்மர் வீட்டை இடிக்கல, காலிக் கட்டடத்துக்குத்தான் போனாங்க. ஆனா 'பாழடைஞ்ச பகுதிக்கு உயிர் கொடுத்த ப்ரூபப்'னு சுற்றுலா மடக்குத்தாள்ல படிக்கும்போது, பாழாக்கினது யாருன்னு ஒரு வரி சேத்திருக்கலாமேன்னு தோணும்.

மெக்மெனமின் சகோதரர்கள் வேற மாதிரி பொழைச்சாங்க. அவங்க வாடகைக்குப் பயந்து ஓடாம, ஊரே கைவிட்ட கட்டடங்களையா பாத்து வாங்கினாங்க. 1990-ல ட்ரவுட்டேல்ல எட்ஜ்ஃபீல்டுன்னு ஒரு இடம். 1911-ல மாவட்ட நிர்வாகம் ஏழைகளை வச்சுப் பராமரிச்ச பண்ணை அது. இடிக்கிறதா இருந்துச்சு, இப்ப அங்க ஹோட்டல், ஆலை, தோட்டம் எல்லாம் இருக்கு. 1915-ல கட்டின கென்னடி ஸ்கூல்னு ஒரு ஆரம்பப் பள்ளி. 1975-ல மூடினாங்க, அங்க படிச்சவங்களும் அக்கம்பக்கத்துக்காரங்களும் இடிக்க விடல. 1997-லேர்ந்து அது ஹோட்டலும் பப்பும். வகுப்பறைதான் படுக்கையறை, கரும்பலகை அப்படியே இருக்கு. தண்டனைக்கு உக்கார வைக்கிற அறைன்னு பேர் வச்ச பார்ல விஸ்கி விக்கிறாங்க. எங்க ஹெட்மாஸ்டர் பாத்தா நெஞ்சைப் பிடிச்சுக்குவார்.

இங்க வர்ற ஐடியா இருந்தா ஹில்ஸ்டேலுக்கே போங்க. டவுன்டவுன்லேர்ந்து பஸ் இருக்கு, அரை மணி நேரம்கூட ஆகாது. தொட்டியெல்லாம் சின்னது, வேலை நடந்தா பாக்கலாம். ரூபி இன்னும் ஊத்துறாங்க, சிவப்பா, ரோஸ் மில்க்குக்குத் தண்ணி கலந்த நிறத்துல. முடிஞ்சா அதுக்கு முன்னாடி பேர்ல்ல பதிமூணாவது அவென்யூவும் மார்ஷல் தெருவும் சேர்ற முக்குல இறங்கி, அந்தக் கயிறு கம்பெனியை ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. பழைய செங்கல், சரக்கு ஏத்தி இறக்குன மேடை அப்படியே இருக்கு. மழைக்குக் குடை எடுத்துக்கங்க. உள்ளூர்க்காரங்க யாரும் பிடிக்க மாட்டாங்க, நாம பிடிக்கலாம், தப்பில்ல.